நானூறு முயல்களும் ஓர் ஓக் பீப்பாயும்

டெக்கீலாவின் வரலாற்றைச் சொன்னவர்கள் இரண்டே வகை. விற்றவர்கள், குடித்தவர்கள். முதல் வகையினர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். இரண்டாம் வகையினருக்கு மறுநாள் எதுவும் ஞாபகத்தில் இல்லை. ஆகவே ஆவணங்களை மட்டும் நம்பி இந்தச் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால் பாதிதான் தேறும். மீதியைக் கோப்பையிடம்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரணைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஃபோர்த்தலேசா ரெபொசாடோ. மெக்ஸிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில், டெக்கீலா என்றே பெயர் கொண்ட ஊரில், பழைய முறைப்படி வடித்தது. வாயால் ஊதிச் செய்த கண்ணாடிப் பாட்டில். மூடியின் தலையில் வெட்டி எடுத்த கற்றாழைக் கிழங்கின் உருவம். உப்பை நக்கி, கண்ணை இறுக மூடி, ஒரே மடக்கில் கவிழ்த்து, எலுமிச்சையைக் கடிப்பதுதான் டெக்கீலா என்று பழகியவர்கள் தயவுசெய்து பின்வரிசைக்குப் போகவும். அது குடிக்கிற முறை அல்ல, விளக்கெண்ணெய் விழுங்குகிற முறை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெளிறிய வைக்கோல் மஞ்சள். ரெபொசாடோ என்று பெயர் வாங்க வேண்டுமானால் ஓக் மரத்தில் குறைந்தது 2 மாதம் கிடக்க வேண்டும் என்பது மெக்ஸிகோ சட்டம். ஓராண்டு ஆகிவிட்டால் அது அஞ்ஞேஹோ என்ற மேல்வகுப்புக்குப் போய்விடலாம். 3 ஆண்டு தாண்டினால் அதற்கும் மேலே ஒரு வகுப்பு உண்டு, விலையைக் கேட்டால் போதை இறங்கிவிடும். சில மாதம் மட்டுமே மரத்தைத் தொட்ட சரக்கு இப்படி வெளிறித்தான் இருக்கும். அந்த வயதிலேயே தேக்கு நிறத்தில் மினுக்கினால், உள்ளே மரத்தைவிட காரமல் அதிகம் உழைத்திருக்கிறது என்று பொருள்.

இனி மூக்கு. முதலில் வருவது சாராய நெடி அல்ல, வெந்த கற்றாழை. சுட்ட சர்க்கரைவள்ளியின் மணமும் அதன் பின்னால் கொஞ்சம் ஈரமண்ணும். இந்த வாசனையின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போனால் நேராக ஒரு ஓடிப்போன வழக்கில் போய் நிற்போம்.

ஸ்பானியர்கள் வருமுன் மெக்ஸிகோவில் கோலோச்சிய அஸ்டெக் மக்களின் தேவர்கள் ஒருநாள் கூடிப் பேசினார்கள். மனிதனைப் படைத்தாயிற்று, தின்னச் சோளமும் கொடுத்தாயிற்று, ஆனால் பயல்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. சிரிக்காதவன் எப்படி ஆடுவான், எப்படி நம்மைப் புகழ்ந்து பாடுவான்? இது மனிதன்மேல் வந்த கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம். பூசை வரவு குறைந்துவிடுமே என்ற கவலை. பொறுப்பு கெட்சால்கோவாட்ல் என்ற இறகுப் பாம்புச் சாமியிடம் வந்தது. அவர் வானத்துக்குப் போய், மாயாவெல் என்ற இளம்பெண்ணைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பூமிக்கு வா என்று அழைத்தார். அவளுக்குக் காவல் இருந்தது அவளுடைய பாட்டி. நட்சத்திரங்களோடு வாழும் அரக்கி. அரக்கியாக இருந்து என்ன, அந்த நேரத்தில் அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இருவரும் இறங்கி வந்து ஒரே மரத்தின் இரண்டு கிளைகளாக மாறி ஒளிந்துகொண்டார்கள். ஓடிப்போன ஜோடிக்கு இதைவிட மோசமான யோசனை கிடையாது. மரமாகிவிட்டால் மறுபடி ஓட முடியாது என்பது தெய்வங்களுக்குத் தோன்றவில்லை. பாட்டி விழித்தாள். சொந்தக்கார அரக்கிகளைத் திரட்டிக்கொண்டு வந்தாள். மரம் பிளந்து விழுந்தது. பேத்தியின் கிளையை அடையாளம் கண்டு, ஒடித்து, கூட வந்தவர்களுக்குத் தின்னக் கொடுத்தாள். கெட்சால்கோவாட்லின் கிளையை ஒருத்தியும் தொடவில்லை. ஓடிப்போன வழக்குகளில் தண்டனை யாருக்கு என்பது அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது.

எஞ்சிய எலும்புகளை அவர் பொறுக்கிப் புதைத்தார். அந்த இடத்தில் முளைத்ததுதான் மகேய், அதாவது அகாவே கற்றாழை. மாயாவெல் அதற்குத் தெய்வமானாள். அவளுக்கு நானூறு பிள்ளைகள், நானூறும் முயல்கள், நானூறும் போதையின் தெய்வங்கள். குடித்தவன் அழுதால் அவனுக்கு அழுகை முயல் ஏறியிருக்கிறது. பாடினால் பாட்டு முயல். சட்டையைப் பிடித்தால் சண்டை முயல். மதுவின் விளைவுகளை இவ்வளவு நேர்மையாக வகைப்படுத்திய மதம் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அளவும் சொல்லி வைத்திருந்தார்கள். பானம் கண்டுபிடித்த விருந்தில் தலைக்கு நான்கு கோப்பை. எல்லாரும் நான்கோடு நிறுத்த, வாஸ்டெக் இனத்தின் தலைவர் மட்டும் ஐந்தாவதைக் கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்ததும் சபையின் நடுவே கோவணத்தை அவிழ்த்து வீசினார். போதை தெளிந்ததும் வெட்கம் தாங்காமல் தன் மக்கள் மொத்தப் பேரையும் அழைத்துக்கொண்டு கடலோரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். ஒரு கோப்பைக்காக ஓர் இனமே ஊரைக் காலி செய்த கதையை ஸ்பானிஷ் பாதிரியார் சாஆகூன் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்.

இத்தனை முயல்களை வைத்திருந்த சமூகத்தில் சட்டம் கடுமை. சாமானியன் குடித்துவிட்டு ஆடினால் ஊர் நடுவில் மொட்டை. மறுபடி பிடிபட்டால் உயிர். பிரபுக்களுக்கு மொட்டை கிடையாது, முதல் தடவையே உயிர்தான். பெரிய இடத்துப் பிள்ளை என்றால் தண்டனை கூடும் என்ற அந்த ஏற்பாடு பிற்கால நாகரிகங்களால் திருத்தப்பட்டுவிட்டது. விதிவிலக்கு கிழவன் கிழவிகளுக்கு. எழுபது வயது, பேரன் பேத்தி எடுத்தாயிற்று என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். அஸ்டெக் வாழ்க்கையைப் படமாக வரைந்து வைத்த மெண்டோசா சுவடியில் ஒரு பாட்டி உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கும் படமே இருக்கிறது. ஓய்வூதியத் திட்டங்களில் நான் பார்த்ததிலேயே சிறந்தது அதுதான்.

ஆனால் அவர்கள் குடித்தது டெக்கீலா அல்ல, புல்கே. கற்றாழையின் நடுவே குடைந்து, ஊறும் பதநீரை எடுத்துப் புளிக்க வைத்த வெள்ளைக் கள். கிழங்கைக் குழியில் போட்டுச் சுட்டுத் தின்னவும் அந்த மக்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து அடுப்பேற்ற ஆள் வர வேண்டியிருந்தது. (நம் பக்கம் ரயில் பாதை ஓரத்திலும் தோட்ட வேலியிலும் நிற்கும் ஆனைக்கற்றாழை இந்தச் செடிக்குப் பங்காளிதான். மெக்ஸிகோவிலிருந்து கப்பலேறி வந்தது. வந்தவளுக்கு மாடு நுழையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் கொடுத்துவிட்டோம்.)

ஆள் 1519இல் வந்தார். பெயர் எர்னான் கோர்த்தேஸ். மறு ஆண்டே ஸ்பெயின் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இங்கே ஒரு செடியிலிருந்து தேனும் எடுக்கிறார்கள், மதுவும் எடுக்கிறார்கள் என்று குறிப்பிடுகிறார். ஒரு சாம்ராஜ்யத்தைக் கொள்ளையடிக்க வந்த இடத்தில் சந்தையையும் ஒரு சுற்றுப் பார்த்திருக்கிறார். 1521இல் அஸ்டெக் தலைநகரம் விழுந்தது. ஸ்பானியர்களுக்குப் பொன் கிடைத்தது, நிலம் கிடைத்தது, ஊரிலிருந்து கொண்டுவந்த பிராந்தி மட்டும் தீர்ந்துகொண்டே போனது.

வடிக்கும் வித்தையைத் தந்தது ஸ்பானியர்கள்தான் என்று பாடப்புத்தகம் சொல்லும். கொஞ்சம் பொறுங்கள். 1565இலிருந்து மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானிஷ் கப்பல்கள் ஓடின. அவற்றில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள் பசிபிக் கரையில் கொலீமா பக்கம் இறங்கி, தென்னை நட்டு, கள் இறக்கி, குடைந்த மரத்தண்டில் சட்டியைக் கவிழ்த்துச் சாராயமும் காய்ச்சினார்கள். தென்னை இருக்கிற கரையில் கள்ளும், கள் இருக்கிற இடத்தில் சாராயமும் தாமாக வந்து சேரும் என்பதை நம் நாட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர்கள் அந்த அடுப்பைப் பார்த்தார்கள், தங்கள் கற்றாழையையும் பார்த்தார்கள். பல ஆய்வாளர்கள் இன்று இந்தத் தென்னஞ்சாராய அடுப்புக்கும், டெக்கீலாவுக்கு மூத்த கற்றாழைச் சாராயமான மெஸ்கல் பிறந்ததில் பெரும்பங்கு தருகிறார்கள். 1621இல் தொமிங்கோ லாசரோ தெ ஆர்ரேகி என்ற பாதிரியார், கற்றாழைக் கிழங்கைச் சுட்டுப் பிழிந்து வடிக்கிறார்கள், தண்ணீரைவிடத் தெளிவாகவும் பிராந்தியைவிடக் காரமாகவும் இருக்கிறது என்று எழுதிவிட்டார். பாதிரியாருக்குக் காரம் எப்படித் தெரிந்தது என்று கேட்பது மரியாதை அல்ல.

இங்கே விற்பவர்களின் கதை ஒன்று குறுக்கே வரும். 1600இல் அல்தமீரா மார்க்கேஸ் என்ற பிரபு டெக்கீலாவுக்கு முதல் ஆலையை நிறுவினார், அவரே டெக்கீலாவின் தந்தை என்று சுற்றுலா வழிகாட்டி முதல் பாட்டில் அட்டை வரை அச்சடித்திருப்பார்கள். சின்னச் சிக்கல். அந்தப் பிரபுப் பட்டம் உண்டானதே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பிறப்பதற்கு நூறாண்டு முன்பே தந்தையான ஒரே மனிதர் அவர்தான்.

கோப்பைக்குத் திரும்புவோம். ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு இரு கைகளையும் தேய்த்து முகர வேண்டும். சாராயம் பறந்துபோய், செடி மட்டும் மிஞ்சும். இதில் மிஞ்சுவது மிளகு, எலுமிச்சைத் தோல், லேசாக சோம்பு. சரக்கு மோசமாக இருந்தால் கையில் வெறும் இனிப்பு மணம் ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் போகாது.

மிளகு என்றதும், மெஸ்கலால் எரிச்சலான ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் நினைவுக்கு வருகிறார். ஸ்பெயினின் திராட்சை மதுவும் பிராந்தியும் காலனிகளில் விற்க வேண்டும், ஆனால் அங்குள்ள நன்றி கெட்ட மக்கள் மெஸ்கலையே குடிக்கிறார்கள். 1785இல் மன்னர் தடை போட்டார். அடுப்புகள் எல்லாம் ஒரே இரவில் மலை இடுக்குக்குக் குடிபோயின. குடிப்பவர் எண்ணிக்கை குறையவில்லை. குறைந்தது கஜானாவுக்கு வந்த வரி மட்டும்தான். பத்தாண்டில் அடுத்த மன்னர் நான்காம் கார்லோஸுக்கு ஞானம் பிறந்தது. 1795இல் ஹோசே மரியா குவாதலூபே தெ குவெர்வோ என்பவருக்கு மெஸ்கல் வடிக்க அரச உரிமம் வழங்கினார். மதுவிலக்குக்கும் மதுவிற்பனைக்கும் நடுவே அரசாங்கத்துக்கு எப்போதும் இரண்டே அடி தூரம்.

அடுத்து பிரெஞ்சுக்காரர்கள். மெக்ஸிகோ கடனைத் திருப்பித் தரவில்லை என்று படையோடு வந்தவர்கள், வந்த வேகத்தில் ஆஸ்திரியாவிலிருந்து மாக்சிமிலியன் என்ற இளவரசரைப் பிடித்து வந்து 1864இல் மெக்ஸிகோவுக்குச் சக்கரவர்த்தி ஆக்கினார்கள். அந்த மனிதர் 1867இல் கெரேத்தரோவில் சுட்டுக்கொல்லப்பட்டார். கடன் வசூலாகவில்லை. ஆனால் படையோடு வந்த வேபர் என்ற ராணுவ மருத்துவருக்குப் போரைவிடக் கற்றாழையில் ஆர்வம் அதிகம். ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, 1902இல், நீலக் கற்றாழைக்கு அகாவே டெக்கீலானா என்று அறிவியல் பெயர் சூட்டினார். இன்றும் அந்தப் பெயருக்குப் பின்னால் வேபர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். இத்தனை பீரங்கி, ஒரு சக்கரவர்த்தியின் உயிர், எல்லாம் போட்டு பிரான்ஸ் நிரந்தரமாகச் சம்பாதித்தது ஒரு செடியின் பெயரில் பின்னொட்டு.

டெக்கீலா ஊரில் அதற்குள் இரண்டு குடும்பங்கள் கிளம்பிவிட்டன. ஒன்று சவுசா. தோன் செனோபியோ சவுசா 1873இல் சொந்த ஆலை வாங்கி, அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினார். கற்றாழைகளில் நீலக் கற்றாழைதான் உத்தமம் என்று வாதாடியதில் முன்னணியில் நின்றவரும் அவர்தான். மற்றது குவெர்வோ. அந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற பெயர் வந்த கதையில் வடிப்புத் திறமையைவிடக் கல்யாண ராசிதான் கூடுதல். ஆலை ஹெசூஸ் ஃப்ளோரெஸ் என்பவரிடம் இருந்தது. அவர் காலமானார். ஆலை அவர் மனைவி ஆனா கொன்சாலெஸ் ருபியோவுக்கு வந்தது. 1900இல் அவர் மறுமணம் செய்துகொண்ட மாப்பிள்ளை ஹோசே குவெர்வோ. உலகில் அதிகம் விற்கும் டெக்கீலாவின் பாட்டில்மேல் இன்று இருப்பது அந்த மாப்பிள்ளையின் பெயர். ஆலையின் சொந்தக்காரியான அம்மாளின் பெயர் எந்தப் பாட்டிலில் என்று கேட்காதீர்கள்.

உப்பும் எலுமிச்சையும் எங்கிருந்து வந்தன? 1918இன் கொடிய காய்ச்சலின்போது மருத்துவர்கள் டெக்கீலாவோடு அவற்றைச் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இது விற்றவர்கள் சொன்னதா குடித்தவர்கள் சொன்னதா என்பது விளங்கவில்லை என்றாலும், அந்தக் காலத்து மட்டச் சரக்கை நாக்கு அறியாமல் உள்ளே தள்ள நல்ல உபாயம் என்பது மட்டும் உறுதி. நல்ல சரக்குக்கு இது தேவையில்லை. மருத்துவர்களுக்கு அடுத்து சினிமாக்காரர்கள். 1941க்குப் பிறகு ஹோர்ஹே நெக்ரேத்தே போன்ற நடிகர்கள் அகன்ற தொப்பியும் குதிரையும் துப்பாக்கியுமாகத் திரையில் பாடி, காதலில் தோற்றால் டெக்கீலா, ஜெயித்தால் இன்னும் கொஞ்சம் டெக்கீலா என்று ஒரு தேசத்துக்கே பாடம் நடத்தினார்கள்.

தேவை ஏறியது. கற்றாழையோ அவசரம் தெரியாத ஜீவன், முற்றுவதற்கு 6 முதல் 8 ஆண்டு கேட்கும். வியாபாரிகள் அரசாங்கத்திடம் போனார்கள். 1964இல் விதி தளர்ந்தது: 30 விழுக்காடு வரை கரும்பு போன்ற வேறு சர்க்கரை சேர்க்கலாம். 1970இல் அது 49 ஆனது. 51க்கு 49 என்பது சட்டசபைப் பெரும்பான்மை போல ஒலிக்கிறது அல்லவா? அந்தக் கூட்டணிச் சரக்குதான் உலகெங்கும் போய், டெக்கீலா என்றால் மறுநாள் மண்டையிடி என்று பெயர் வாங்கிக் கொடுத்தது. அமத்தித்தான் ஊரின் எர்ராதூரா ஆலை மட்டும் முழுக் கற்றாழையை விடமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றது. அதே ஆலை 1974இல் ரெபொசாடோ என்ற வகையை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. மரப்பீப்பாய் அதற்கு நெடுங்காலம் முன்பே உண்டு. கோவேறு கழுதைமேல் ஏற்றிச் சுரங்க ஊர்களுக்கு அனுப்பியபோது சரக்கு பீப்பாயில் தானாக ஓய்வெடுத்தது. 1974இல் நடந்தது, அந்தத் தாமதத்துக்கு ஒரு பெயரும் கூடுதல் விலையும் வைத்தது. அதே ஆண்டின் டிசம்பரில், டெக்கீலா என்ற பெயர் மெக்ஸிகோவின் குறிப்பிட்ட பகுதிகளுக்கே உரியது என்ற அரசு ஆணையும் வந்தது.

என் கையிலிருக்கும் பாட்டிலின் கதை 1976இல் ஆரம்பிக்கிறது. செனோபியோவின் பேரர் சவுசா நிறுவனத்தை விற்றுவிட்டார். பெயரும் போய்விட்டது. ஊரில் குடும்பத்தின் சிறு பழைய ஆலை ஒன்று மட்டும் அருங்காட்சியகமாக மிஞ்சியது. ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த கியெர்மோ எரிக்ஸன் சவுசா அதைத் தூசு தட்டி மறுபடி அடுப்பேற்றி 2005இல் பாட்டிலை வெளியிட்டார். குடும்பப் பெயரை வியாபாரத்துக்குப் பயன்படுத்த முடியாத சவுசா. புதுத் தொழில்நுட்பம் எதுவும் அந்த ஆலையில் இல்லாமல் போனதற்குக் கொள்கைப் பிடிப்பு பாதி, அருங்காட்சியகத்தில் வேறு எதுவும் இல்லை என்பது பாதி என்று நான் நினைக்கிறேன்.

அங்கே நடப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஹிமதோர் என்ற வெட்டுக்காரர், நீண்ட கழியின் நுனியில் வட்டத் தகடு வைத்த கோவா என்ற கருவியால் முள் மடல்களைச் சீவித் தள்ளுகிறார். மிஞ்சும் பின்யா என்ற கிழங்கு 30, 40 கிலோ, சிலது இன்னும் மேலே. பிளந்து செங்கல் சூளையில் அடுக்கி நீராவியில் வேகவிடுகிறார்கள். முதலில் வடியும் கசப்புச் சாற்றை ஊற்றிவிடுகிறார்கள். வெள்ளைக் கிழங்கு மெல்ல மெல்லத் தவிட்டு நிறமாகி, நாரோடு நாராகத் தேன் கசிகிறது. பிறகு வட்டக் குழியில் தஹோனா, சுமார் 2 டன் எடையுள்ள எரிமலைக் கல் சக்கரம். முன்பு கோவேறு கழுதை இழுத்தது, இன்று பல ஆலைகளில் சின்ன டிராக்டர். சக்கரம் ஒரு சுற்று போனதும் ஆள் குழிக்குள் இறங்கி நாரைக் கவைக்கோலால் புரட்டிப் போடுகிறார், அது திரும்பி வருவதற்குள் விலகிக்கொள்கிறார். சாறு மரத்தொட்டியில் புளிக்கிறது. பிறகு செப்புப் பாத்திரத்தில் இரண்டு முறை வடிப்பு. முதலில் வருவதும் கடைசியில் வருவதும் கழிக்கப்படும். நடுவில் வருவதுதான் பீப்பாய்க்கு.

இத்தனைக்கும் மாற்று வழி உண்டு. டிஃப்யூசர் என்ற நீண்ட இயந்திரம் வேகாத கற்றாழையையே வெந்நீரால் பீச்சியடித்து, சர்க்கரையைத் துளி மிச்சமில்லாமல் கழுவி எடுத்துவிடும். வேகவே இல்லை என்பதால் வெந்த மணமும் இருக்காது. அதற்கும் மருந்து இருக்கிறது. காரமல், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை எடையில் 1 விழுக்காடு வரை சேர்த்தால் பாட்டிலில் சொல்ல வேண்டியதில்லை என்று விதி இடம் தருகிறது. கற்றாழை 7 ஆண்டு நின்று தர வேண்டியதைக் கிளிசரின் ஒரு மதியத்தில் தந்துவிடும். நடிகர்கள் ஆளுக்கொரு டெக்கீலா தொடங்கியதும் இந்த இயந்திரக் காலத்தில்தான். ஜார்ஜ் குளூனியும் கூட்டாளிகளும் நண்பர்களோடு குடிக்கத் தொடங்கியதாகச் சொன்ன ஒன்றை 2017இல் நூறு கோடி டாலர் வரை மதிப்பிட்டு டியாஜியோ என்ற மது நிறுவனம் வாங்கியது. அந்த அளவுக்கு நண்பர்கள் நமக்கு வாய்க்கவில்லை.

செடியின் பாடு இன்னும் பரிதாபம். பூத்தால் கிழங்கின் சர்க்கரை பூத்தண்டுக்குப் போய்விடும் என்று பூக்குமுன் வெட்டிவிடுகிறார்கள். தாய்ச்செடியின் பக்கக் கன்றைப் பிடுங்கி நட்டு நட்டு, ஹலிஸ்கோ முழுவதும் ஏறக்குறைய ஒரே செடியின் நகல்கள். 1990களின் இறுதியில் நோய் நுழைந்தபோது ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. கற்றாழை விலை வானத்துக்குப் போனது. இரவில் கற்றாழைப் பூவில் தேன் குடித்து மகரந்தம் பரப்பிய வௌவால்களுக்குப் பந்தியில் இலையே இல்லை. இப்போது சில விவசாயிகள் வயலில் ஒரு பங்கை வௌவாலுக்காகப் பூக்க விடுகிறார்கள்.

இனி நாக்கு. மெக்ஸிகோவின் டெக்கீலா ஒழுங்குமுறைக் குழு 2002இல் ரீடல் நிறுவனத்தின் ஒல்லிக் கோப்பையை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வாய் குறுகிய எந்தக் கண்ணாடிக் கோப்பையும் போதும். மூச்சை இழுத்து, சிறு மிடறு எடுத்து, வாயில் சுழற்றி, விழுங்கி, மூக்கு வழியே மெதுவாக விட வேண்டும். மூச்சை உள்ளே இழுத்தபடி விழுங்கினால் புரையேறும்; அதற்கும் ஒரு முயல் இருக்கக்கூடும்.

முதலில் எண்ணெய்ப் பசையாக நாக்கில் படர்கிறது. நிதானமாக வடித்து, தண்ணீர் அதிகம் கலக்காத சரக்கின் அடையாளம் இது. கிளிசரின் தரும் வழுவழுப்பில் இந்தக் கனம் வராது. பிறகு வெந்த கற்றாழை, எலுமிச்சை, வெண்ணெய். நடுவில் மிளகு எழுந்து நாக்கின் ஓரத்தைச் சுடுகிறது. அது அடங்கும்போதுதான் ஓக் வருகிறது: வெனிலா, இலவங்கப்பட்டை, அவ்வளவு. ரெபொசாடோவில் மரம் என்பது சாம்பாரில் பெருங்காயம். இருப்பது தெரிய வேண்டும், எங்கே இருக்கிறது என்று தெரியக் கூடாது. இதில் அப்படித்தான் இருக்கிறது. விழுங்கிய பிறகும் தொண்டையில் ஒரு ஈரமண் வாசனை நெடுநேரம் நிற்கிறது.

குறையும் உண்டு. பீப்பாயில் போடாத இதே ஆலையின் வெள்ளைச் சரக்கில் உள்ள ஒலிவ உப்பும் பச்சை மூலிகை வாசமும் இதில் மட்டுப்பட்டிருக்கின்றன. மரம் மிருதுவைத் தந்தது, பதிலுக்குக் கொஞ்சம் துடுக்கைப் பிடுங்கிக்கொண்டது. ஆகவே, கற்றாழை என்ன செடி என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வெள்ளையைக் குடியுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நண்பரோடு உட்கார்ந்து கதை பேச இதை எடுங்கள். இரண்டில் ஒன்றுதான் தருவேன் என்று யாராவது மிரட்டினால் நான் வெள்ளையைத்தான் எடுப்பேன். ரெபொசாடோக்களுக்குள் போட்டி வைத்தால் முதல் வரிசையில் இது உட்காரும்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பாட்டிலின் முன்பக்கத்துக் குதிரை, தொப்பி, மீசை எதையும் பார்க்க வேண்டாம். நூறு விழுக்காடு அகாவே என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாதிக் கரும்பு என்று எண்ணி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். இருந்தால், அட்டையில் சிறிய எழுத்தில் நோம் என்ற குறியும் நான்கு இலக்க எண்ணும் இருக்கும். அது ஆலையின் எண். இந்தப் பாட்டிலில் 1493. வெவ்வேறு பெயரில், வெவ்வேறு விலையில், வெவ்வேறு பரம்பரைக் கதையோடு நிற்கும் பல பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தால் ஒரே எண் இருக்கும். எல்லாம் ஒரே ஆலையில் வடித்தவை.